ஒழுகும் தளமுள்ள வீட்டுக்கு விலை பேசும்போது

மனை மதிப்பு வேறு, கட்டட மதிப்பு வேறு என்று பிரித்தே நான் பேரம் பேசுவேன். குறைக்கக் கேட்பது கட்டடத்தில்தான். தளத்தின் அடிப்பக்கத்தைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். டொப் டொப்பென்று கேட்டால் உள்ளே கம்பி துருவேறி உப்பி, காங்கிரீட்டைப் பிரித்திருக்க வாய்ப்பு அதிகம். மேலே பூசினால் நிற்காது. தளர்ந்ததைக் கொத்தி, துருவைச் சுரண்டி, அரிப்பு மிகுந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் சேர்த்த சிமெண்ட் கலவை பூச வேண்டும்; மொட்டைமாடியில் பதித்த தட்டோடுகளையும் சரிசெய்தால்தான் ஒழுகல் நிற்கும். இதற்குப் பொறியாளரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, கொத்திய பிறகு தெரியவரும் சேதத்துக்காக 15–20 சதவீதம் கூட்டி, மொத்தத்தையும் விலையில் கழிக்கக் கேட்டபோதுதான் பேச்சு நகர்ந்தது. "நானே பூசித் தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளையடித்த பின் விரிசல் கண்ணில் படாது. குறைத்த விலையைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதிய பிறகே முன்பணம் கொடுங்கள்.