பன்னிரண்டு வருஷம் தூங்கிய ஏர்பிரஷை மும்பை மழையில் எழுப்பிய கதை (செய்முறையோடு)

எங்கள் பில்டிங் கணபதிக்கு இந்த வருஷம் ஷாடு மண் (தண்ணீரில் கரையும் களிமண்) சிலைதான் என்று முடிவாகி, சிலைகளுக்குப் பேர்போன பேண் ஊரிலிருந்து வண்ணம் பூசாத ஒன்றரை அடி உருவம் வந்து இறங்கியது. மூன்றாம் மாடி காக்கு (மராத்தியில் சித்தி) என் மனைவியிடம் ஏதோ விசாரிக்க, "அவருக்கு ஸ்ப்ரே வேலை தெரியுமே" என்று இவள் பெருமையாகச் சொல்லிவிட்டாள். தெரியும்தான். தாராவி தொண்ணூறு அடி சாலையில் ஒரு போர்டு கடையில் அண்ணாச்சி ஒருவரிடம் மூன்று வருஷம் கற்றுக்கொண்டேன். அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்து கடை படுத்தது, எனக்கும் வேறு வேலை கிடைத்தது. ஏர்பிரஷ் (காற்றால் வண்ணம் தெளிக்கும் பேனா மாதிரிக் கருவி) பரணுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம்.

கையில் நாலு வாரம் இருந்தது. அதில் இரண்டரை வாரம் மெஷினோடு மல்லுக்கட்டவே சரியாகிவிட்டது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். டபுள் ஆக்‌ஷன், மேலே கப் உள்ள வகை உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். லிவரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். இதற்கு மேல் அடிப்படை சொல்லப் போவதில்லை.

படி 1: கம்ப்ரஸரை முதலில் பாருங்கள்

எல்லோரும் ஏர்பிரஷைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். நானும் எடுத்தேன், தப்பு. ஏர்பிரஷுக்குக் காற்றை அமுக்கித் தருவது கம்ப்ரஸர்தான். என்னுடையது 3 லிட்டர் டேங்க் வைத்த சின்ன பிஸ்டன் வகை. டேங்கின் அடியில் ஒரு டிரெயின் திருகு இருக்கும். அதைத் திறந்தேன். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் கால் டம்ளர் துருத்தண்ணீர் வந்தது. கடைசி நாளில் தண்ணீரை வடிக்காமல் கட்டி வைத்ததன் பலன். வெறும் கலங்கல் என்றால் பரவாயில்லை. செதில் செதிலாகத் துரு கொட்டினாலோ, டேங்கின் வெளிப்பக்கம் வீங்கியோ அரித்தோ இருந்தாலோ அதில் காற்று ஏற்றாதீர்கள். அழுத்தம் உள்ள இரும்பு டேங்கோடு விளையாடக் கூடாது. புது டேங்க் வாங்குங்கள்.

சரியாக இருந்தால் டிரெயின் திருகை மூடி, ஹோஸைக் கழற்றி, காற்று வெளிவரும் வாயையும் மூடிவிட்டு ஓடவிடுங்கள். என்னுடையது 57 பிஎஸ்ஐயில் (காற்றழுத்த அளவு) தானாக நின்று, 43க்கு இறங்கியதும் மறுபடி ஓட ஆரம்பிக்கும் வகை. நின்ற பிறகு கேஜ் முள் இறங்குகிறதா என்று பத்து நிமிஷம் பாருங்கள். இறங்கினால் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் தடவுங்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் ஒழுக்கு. ரப்பர் ஹோஸ் பழசாகி வெடித்திருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். நான் நாக்தேவி தெருவில் நூல் பின்னிய ஹோஸ் வாங்கினேன். அந்த ப்ளாஸ்டிக் சுருள் ஹோஸ் எனக்குப் பிடிக்காது. கையைச் சுண்டி இழுத்துக்கொண்டே இருக்கும்.

படி 2: ஊசியைப் பிடுங்காதீர்கள்

பின்கைப்பிடியைக் கழற்றி, ஊசியைப் பிடித்திருக்கும் சின்ன நட்டைத் தளர்த்தினால் ஊசி பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு வர வேண்டும். பன்னிரண்டு வருஷத்துப் பெயின்ட் உள்ளே காய்ந்திருந்தால் வராது. குறடு போட்டு இழுத்தால் ஊசி வளையும், இல்லாவிட்டால் காய்ந்த பெயின்ட் உள்ளே இருக்கும் வாஷரைக் கிழித்துக்கொண்டு வரும். கப்பில் நாலு சொட்டு என்சி தின்னர் (லாக்கர் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர்) விட்டு, நிமிர்த்தி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் வெண்ணெய் மாதிரி வரும். அதற்குப் பிறகு நாசிலை (பெயின்ட் வெளியே வரும் நுனித் துண்டு) கழற்றுங்கள். ஊசி உள்ளே இருக்கும்போது நாசிலைத் திருகக் கூடாது.

உலோகப் பாகங்களை மட்டும் மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் தின்னரில் ஊறவிடுங்கள். கறுப்பு ரப்பர் வளையங்கள் தின்னரில் உப்பிவிடும், அவற்றை எடுத்துத் தனியே வையுங்கள். வெள்ளை டெஃப்ளான் வாஷருக்கு ஒன்றும் ஆகாது. ஜன்னல் திறந்திருக்கட்டும். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், அடுப்பு எரியும் அடுக்களையில் வேண்டவே வேண்டாம்.

நாசிலுக்குள் தையல் ஊசி விட்டுக் குத்தாதீர்கள். பல்குத்தும் குச்சியை பிளேடால் மெல்லிசாகச் சீவி, தின்னரில் தோய்த்து, பின்பக்கம் வழியாக விட்டு மெதுவாகத் திருப்பினால் போதும். அல்ட்ராசோனிக் க்ளீனர் வாங்குங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். நான் வாங்கவில்லை. குச்சியும் பொறுமையும் அந்த வேலையைச் செய்துவிடும்.

படி 3: கப்பில் குமிழி வந்தால்

என் இரண்டு வாரம் போனது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எல்லாம் சுத்தம் செய்து பூட்டி, கப்பில் தண்ணீர் ஊற்றி லிவரை அழுத்தினால், முன்னால் ஒன்றும் வரவில்லை. கப்புக்குள் மட்டும் உலை கொதிப்பதுபோல் குமிழி. அழுத்தம் போதவில்லை என்று நினைத்து 40 பிஎஸ்ஐ வரை ஏற்றினேன். தண்ணீர் முகத்தில் அடித்தது. கம்ப்ரஸரைச் சந்தேகப்பட்டேன், ஹோஸை மாற்றினேன், கேஜை மாற்றினேன். நாசிலின் திருகில் டெஃப்ளான் டேப் சுற்றினேன். அதுதான் இருப்பதிலேயே மடத்தனம். டேப்பின் நூல் பிய்ந்து உள்ளே போய்ப் புதிதாக ஒரு அடைப்பு. டெஃப்ளான் டேப் ஹோஸ் திருகுக்கு மட்டும்தான்.

கடைசியில் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். இப்போது திருநெல்வேலியில் இருக்கிறார். முழுக்கக் கேட்டுவிட்டு, "மெசினை எதுக்குத் தம்பி வையுத? மூக்கைப் பாரு" என்றார். மூக்கு என்றால் நாசில்.

விஷயம் இதுதான். காற்று நாசிலின் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போய், நுனியில் அழுத்தத்தைக் குறைத்துப் பெயின்ட்டை உறிஞ்சுகிறது. காற்றின் வழியும் பெயின்ட்டின் வழியும் நுனியில் மட்டும்தான் சந்திக்க வேண்டும். அதற்கு முன்பே எங்காவது சந்தித்தால் காற்று பெயின்ட் வழியில் புகுந்து கப்புக்குத் திரும்பி வரும். எங்கே சந்திக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்.

கப்பில் தண்ணீர் ஊற்றுங்கள். லிவரை இழுக்காமல், கீழே மட்டும் அழுத்துங்கள். அப்போதே குமிழி வந்தால் நாசில் உட்காரும் இடத்தில் ஒழுக்கு. ஒன்று நாசில் முழுக்கத் திருகப்படவில்லை, அல்லது வாஷர் இல்லை, அல்லது நாசிலே விரிந்திருக்கிறது. வெறும் அழுத்தலுக்குக் குமிழி இல்லாமல், பின்னால் இழுக்கும்போது மட்டும் வந்தால், முன்மூடியின் (நாசிலுக்கு மேல் மாட்டும் மூடி) துவாரத்தில் காய்ந்த பெயின்ட் அடைத்திருக்கிறது. வெளியே போக வழியில்லாத காற்று நாசில் நுனி வழியாகவே உள்ளே திரும்புகிறது.

எனக்கு அழுத்தியதுமே வந்தது. நாசிலை எடுத்துக்கொண்டு மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர்காரரிடம் போனேன். பெரிய எள்ளு மாதிரி இருக்கும் அந்தப் பித்தளைத் துண்டை நகத்தின்மேல் வைத்து, கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தவர் ஒரே வார்த்தை சொன்னார்: "ஃபட்டா ஹுவா." விரிந்துவிட்டது என்று அர்த்தம். நானும் லென்ஸ் வழியே பார்த்தேன். திருகுக்கு மேலே, தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு கோடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் ஸ்பேனர் போட்டு இறுக்கிய இறுக்கு.

புது நாசில் வாங்கும்போது ஊசி அளவைப் பாருங்கள். 0.3 மிமீ ஊசிக்கு 0.3 நாசில், 0.5க்கு 0.5. கலந்து மாட்டினால் ஒழுகும், அல்லது வராது. இந்தச் சாக்கில் நான் 0.5 செட்டாகவே வாங்கிவிட்டேன். இடைவெளிக்குப் பிறகு தொடங்குகிறவர்களுக்கு 0.2 வேண்டாம் என்பது என் கட்சி. மெல்லிய கோடு வரும்தான், அதற்குள் பத்து தடவை அடைக்கும். நாசிலை விரல் நுனியால் திருகி, நின்றதும் ஸ்பேனரால் ஒரு சின்ன முடுக்கு, அவ்வளவுதான். திருகில் மட்டும் துளி தேன்மெழுகு தடவினால் ஒழுக்கு அடைபடும்.

படி 4: ஊசி நுனி

ஊசியைக் கண்ணாடிமேல் படுக்க வைத்து உருட்டுங்கள். நுனி துள்ளினால் வளைந்திருக்கிறது. லேசான வளைவானால் கண்ணாடிமேலேயே ஒரு விரலால் அழுத்தி, சுழற்றிக்கொண்டே இழுத்தால் நேராகும். கொக்கி மாதிரி ஆகியிருந்தால் புதுசுதான்.

படி 5: முதல் மூன்று நாள் வெறும் இங்க் தண்ணீர்

கை மறந்திருக்கும் என்று பயந்தேன். மறக்கவில்லை, தப்பாக ஞாபகம் வைத்திருந்தது. காற்றையும் பெயின்ட்டையும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக விட்டது. அப்படி விட்டால் நுனியில் ஒரு சொட்டு தங்கும், அடுத்த தடவை அழுத்தியதும் புள்ளியாகத் தெறிக்கும். சரியான வரிசை: முதலில் காற்று, பிறகு பெயின்ட். நிறுத்தும்போது முதலில் பெயின்ட், கடைசியில் காற்று.

நீல இங்க்கில் தண்ணீர் கலந்து பழைய தினத்தந்தி முழுக்க அடித்துத் தள்ளினேன். புள்ளி, கோடு, தடிப்பாகத் தொடங்கி மெலிந்து முடியும் கோடு. சிலந்திக் கால் மாதிரி ஓடினால் கை பக்கத்தில் இருக்கிறது, அல்லது அழுத்தம் கூட. மணல் தூவியதுபோல் வந்தால் கை தள்ளி இருக்கிறது.

படி 6: மழைக்காலத் தண்ணீர்

மழைக்கால மும்பையில் சுவரே வியர்க்கிறது, காற்றை அமுக்கினால் கேட்க வேண்டுமா? நன்றாக அடித்துக்கொண்டே இருக்கும்போது நடுவில் ஒரு சொட்டு வெறும் தண்ணீர் துப்பும். கம்ப்ரஸரிலிருந்து வெளியே வரும் காற்று சூடானது. சூட்டில் ஆவி ஆவியாகவே இருக்கும், ஹோஸுக்குள் போய் ஆறிய பிறகுதான் தண்ணீராகும். அதனால் கம்ப்ரஸர் வாயில் மட்டும் மாய்ஸ்சர் ட்ராப் (காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும் குப்பி) வைத்துப் பிரயோஜனம் குறைவு. ஏர்பிரஷின் அடியில், கைப்பக்கம் மாட்டும் சின்ன ட்ராப் ஒன்றும் போடுங்கள். மழைக்காலத்தில் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டையும் வடித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் டேங்க் திருகைத் திறக்க மறக்காதீர்கள், படி 1ல் என் டிகாக்‌ஷனை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: சிலைக்கு வண்ணம்

அக்ரிலிக்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் காய்ந்ததும் ப்ளாஸ்டிக் படலமாகிவிடும். பக்கெட்டிலேயே கரைக்கத்தான் ஷாடு மண்ணில் வாங்கினோம், அதன்மேல் ப்ளாஸ்டிக்கை அடிப்பானேன். போஸ்டர் கலர் எடுத்தேன். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீரில் தொடங்கிப் பால் பதம் வரும்வரை கலக்குங்கள். கப்பின் சுவரில் தடவினால் பால் மாதிரி வழிந்து, மெல்லிசாகக் கறை நிற்க வேண்டும்.

வடிகட்டியே ஆக வேண்டும். நான் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். பருத்தி நூல் உதிர்ந்து நாசிலை அடைத்தது. நைலான் துணி நல்லது, மனைவியின் பழைய துப்பட்டா ஒன்று இதற்காகவே உயிர்விட்டது.

காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கும். அதனால் வெள்ளையை பிரஷால் இரண்டு கோட் கொடுத்து, ஒரு ராத்திரி ஃபேன் கீழே வைத்தேன். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும் என்பதை மறக்காதீர்கள். ஒரே இடத்தில் நின்று அடித்தால் அடிப்பூச்சோடு சேர்ந்து வழியும். 15 பிஎஸ்ஐ, ஒரு சாண் தள்ளி, கையை நிறுத்தாமல் மெல்லிசாக அடியுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் காயவிடுங்கள். முதலில் தோல் நிறம் முழுக்க. பிறகு அதே நிறத்தில் துளி சிவப்பும் பழுப்பும் கலந்து காதின் உட்புறம், தும்பிக்கை மடிப்பு, தொப்புள் பக்கம். அந்த நிழல் விழுந்ததும் மண் உருவம் சட்டென்று சதை பிடித்துவிடும்.

மறைக்க டேப் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது வண்ணமும் கூடவே வரும். அண்ணாச்சி வழி: பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வேண்டிய வளைவில் வெட்டி, கையில் பிடித்துக்கொண்டு அடிப்பது. தங்க நிறத்தை ஏர்பிரஷில் ஊற்ற வேண்டாம், கிரீடத்துக்கு பிரஷ் போதும். கண்ணும் பிரஷில்தான். அதை நான் தொடவில்லை, லால்பாக்கில் சிலை வேலை செய்யும் ஒரு பையன் வந்து ஐந்து நிமிஷத்தில் திறந்துவிட்டுப் போனான்.

தண்ணீர் வண்ணம்தானே என்று முகத்தை மூடாமல் இருக்காதீர்கள். துகள் நுரையீரலுக்குப் போகும், என்95 கட்டுங்கள். தின்னர் வாடைக்கு அது போதாது, வாடையை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும்.

சுத்தம் செய்வது: நிறம் மாற்றும்போது தண்ணீர் ஊற்றி, வெளியே தெளிவாக வரும்வரை அடியுங்கள். வேலை முடிந்ததும் ஊசியை உருவித் துடையுங்கள், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுத் தானேயிலிருந்து ஒருவர், குமிழி சோதனையில் தனக்கு இரண்டு விதமாகவும் வருகிறதே என்று கேட்டிருந்தார். முன்மூடியைத் தின்னரில் ஊறவைத்துவிட்டு மறுபடி சோதிக்கச் சொன்னேன். அழுத்தும்போது வரும் குமிழி மட்டும் மிஞ்சியது. நாசிலுக்கு அடியில் இருக்க வேண்டிய வாஷர் அவர் வீட்டு வாஷ்பேசினில் எப்போதோ போய்விட்டிருக்கிறது. பாகங்களைக் கழுவும்போது துவாரத்தில் ஒரு டீ வடிகட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: அக்ரிலிக் அடிக்கிறவர்கள் இரண்டு பேர், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை வருவது நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். ஊசி நுனியில் காய்ந்துவிடுகிறது. துளி ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேருங்கள், ஈரமான காது பட்ஸால் நுனியை அவ்வப்போது துடையுங்கள். ஃபேன் உங்கள் கைப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். என்னுடையது திரும்பியிருந்தது.