சி.வி. ராமன் மாணவராக இருந்தபோது அளந்த கோடுகள்: வீட்டிலேயே பார்ப்பது எப்படி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை இரவுதோறும் கல்லூரிப் பிள்ளைகள் கூடுவார்கள். கண்ணாடியில் மிகச் சாய்ந்து விழும் ஒளி காட்டும் கோடுகளை அளக்கும் இந்தச் சோதனையைத்தான் அவர்களுக்கு நான் முதலில் செய்துகாட்டுவேன்.

பட்டகம் என்ற முக்கோணக் கண்ணாடியின் கோணத்தை அளப்பது அன்றும் இன்றும் இயற்பியல் மாணவர் எல்லோருக்கும் உள்ள பாடம். இரு முகங்களிலும் எதிரொளித்து வரும் பிம்பங்களைத் தொலைநோக்கியில் பிடித்து, வெர்னியர் என்ற நுண்ணளவுகோலை வாசித்து, வித்தியாசத்தில் பாதியை எழுதினால் முடிந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமனும் அதைச் செய்தார். பட்டக முகத்தில் ஒளி மிகச் சாய்ந்து விழுந்தபோது பிம்பத்துக்கு இருபுறமும் கோடுகள் தெரிந்தன. அவை இருபுறமும் சமமாக இல்லை. அவர் அதை விட்டுவிடாமல் அளந்தார். 1906 நவம்பரில் லண்டனின் ‘பிலாசபிகல் மேகசின்’ அறிவியல் இதழில் அது கட்டுரையாக வந்தது. அந்த மாதம்தான் அவருக்கு 18 வயது நிறைந்தது.

என் முதலாண்டில் நானும் அப்படிச் சில கோடுகளைப் பார்த்தேன். “பாடத்தில் இல்லை, விடு” என்றார்கள். ரெக்கார்டு நோட்டில் எழுதாமல் விட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உங்களுக்கு வேண்டியவை: 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத சிவப்பு லேசர் விளக்கு, மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒன்று, களிமண், வரைபடத்தாள். ஸ்லைடின் ஒரு பக்கத்துக்குக் கறுப்பு மை பூசுங்கள். மறுபக்கத்தைப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். கடற்கரை ஊரில் உப்புப் படலம் ஒரே நாளில் படிந்துவிடும், அது இருந்தால் கோடுகள் கலங்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். லேசர் ஒளியையோ கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியையோ கண்ணால் நேரே பார்க்கவே கூடாது.

ஸ்லைடைக் களிமண்ணில் கதவுபோல நிமிர்த்தி நடுங்கள். 25 மி.மீ. அகலம் லேசர் செல்லும் திசையில் இருக்க வேண்டும். மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் வரைபடத்தாளை ஒட்டி, ஒளி கண்ணாடி முகத்தை உரசிச் செல்லுமாறு வையுங்கள். சுவரில் இரண்டு புள்ளிகள் விழும்: ஒன்று நேரே வந்தது, மற்றது எதிரொளித்தது. இரண்டுக்கும் இடையே 5 செ.மீ. வரும்வரை களிமண்ணை மெல்லத் திருப்புங்கள். அவசரப்பட்டால் கைகூடாது, எனக்கே பத்து நிமிடம் ஆகும்.

இப்போது கண்ணாடி அரை பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்திருக்கிறது. கதவை விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் அகலமெல்லாம் மறைந்து ஒரு கீற்றாகத் தெரியுமே, அதுபோல 25 மி.மீ. முகம் ஒளிக்கு 0.2 மி.மீ. பிளவாகச் சுருங்கிவிடுகிறது. அந்தக் குறுகிய பிளவால் ஒளி விரிந்து, எதிரொளித்த புள்ளிக்கு இருபுறமும் கோடுகள் விழும். எதிரொளித்த புள்ளியின் நடுவிலிருந்து முதல் இருள்கோட்டை அளவுகோலால் அளங்கள். நேர்ப்புள்ளி இருக்கும் பக்கம் ஏறக்குறைய 12 மி.மீ., மறுபக்கம் 8 மி.மீ. வரும். சென்ற மாதம் ஒரு பெண் இதை அளந்துவிட்டு, தன் கையில்தான் பிழை என்று மூன்று முறை திரும்ப அளந்தாள். பிழை இல்லை. அந்தச் சமமின்மையைத்தான் ராமன் அளந்தார்.

அன்று லேசர் கிடையாது. இத்தகைய அளவீடுகளுக்கு ஆய்வகங்களில் பெரும்பாலும் பயன்பட்டது, பன்சன் எரிவாயு அடுப்பின் சுடரில் உப்புத் தூவினால் வரும், 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளி. நம் சிவப்பின் அலைநீளம் ஏறக்குறைய 650 நானோமீட்டர், அதனால் கோடுகள் சற்று விரிந்திருக்கும்.

அடுத்து, புள்ளிகளின் இடைவெளியை 10 செ.மீ. ஆக்கி மீண்டும் அளங்கள். இருபுறமும் 5 மி.மீ.யை ஒட்டி நெருங்கிவிடும். இரண்டு அளவுகளையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவிட்டு 7 செ.மீ.க்குத் திருப்புங்கள்.