பழைய .22 பம்ப் ரைஃபிள்கள்: வாங்குபவர்களும் சுடுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பழந்துப்பாக்கி சேகரிக்கத் தொடங்குபவர்களில் பலர் முதலில் கைவைப்பது .22 (சுமார் 0.22 அங்குலக் குண்டு) பம்ப் ரைஃபிளில்தான். உருவம் சிறியது, உதைப்பு இல்லை, முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளும்போது எழும் சத்தமே சுகமானது. பழைய ஆயுதங்களில் ஓரளவு எட்டக்கூடிய விலையும் இதற்குத்தான். தாத்தா வீட்டு அலமாரியில் கிடந்தது, பண்ணை ஏலத்தில் கிடைத்தது என்று இன்றும் வெளியே வந்துகொண்டே இருக்கின்றன. அப்படி வருபவற்றைப் புதுத்துப்பாக்கி போல நடத்தி இரண்டே வாரத்தில் கெடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். நூறு வருஷம் தாங்கிய பொருள் அது. அதற்கு நேரும் சேதங்களில் பெரும்பாலானவை திருத்த முடியாதவை.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் பின்னால் சொல்லப்போவது விளங்கும். வின்செஸ்டர் நிறுவனம் தன் 1873 மாடல் லீவர் ரைஃபிளை .22-இலும் செய்து பார்த்தது. அது விற்கவில்லை. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் ஜான் பிரவுனிங், மாத்யூ பிரவுனிங் சகோதரர்கள் 1888-இல் காப்புரிமை பெற்ற வடிவம். அதுவே 1890 மாடல். 24 அங்குல எண்கோணக் குழல், வெளியே தெரியும் சுத்தியல், குழலுக்கு அடியில் நீளமான தோட்டாக் குழாய். திருவிழாத் திடல்களிலும் கடற்கரைப் பூங்காக்களிலும் இருந்த ஷூட்டிங் கேலரிகளில் பல ஆண்டுகள் இதுதான் ராஜா. 20 அங்குல உருண்டைக் குழலோடு அதன் மலிவான தம்பியாக 1906 மாடல் வந்தது. கோல்ட் நிறுவனத்தின் சிறிய ‘லைட்னிங்’ பம்ப் ரைஃபிள் 1887 முதல் 1904 வரை விற்றது. ஜான் பெடர்சன் வடிவமைத்த, சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும் ரெமிங்டன் 12 மாடல் 1909-இல் தொடங்கி 1936 வரை ஓடியது. மார்லின், சாவேஜ், ஸ்டீவன்ஸ் நிறுவனங்களும் ஆளுக்குச் சில மாடல்களோடு களத்தில் இருந்தன.

எல்லா .22-வும் ஒன்று என்று நினைப்பது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் இதுவே. இன்றைய கடையில் .22 என்றால் பெரும்பாலும் லாங் ரைஃபிள் தோட்டா. 1890-இல் அப்படியில்லை. ஷார்ட் என்ற குட்டைத் தோட்டா 1857-இலிருந்தே இருந்தது. லாங் 1871-இல் வந்தது. லாங் ரைஃபிள் 1887-இல்தான் பிறந்தது. 1890 மாடலோடு சேர்ந்து நான்காவதாக டபிள்யூ.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம் ஃபயர்) என்ற தோட்டா வந்தது. இந்த மாடலில் ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரே ஒரு வகைத் தோட்டாவுக்கு மட்டும் செய்யப்பட்டது. லாங் ரைஃபிள் தோட்டாவுக்கான 1890 மாடல் வந்ததே 1919-இல். மூன்று நீளங்களையும் கலந்து போடலாம் என்ற வசதி 1906 மாடலுக்கும் தொடக்கத்தில் இல்லை, 1908-இல்தான் வந்தது.

அதனால் குழலின் மேல் பொறித்திருப்பதை முதலில் படியுங்கள். எழுத்து மங்கியிருந்தால் சாய்வாக டார்ச் அடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஷார்ட் என்று பொறித்த 1890 மாடலில் லாங் ரைஃபிளைத் திணித்தால் தோட்டாவை மேலே தூக்கும் பகுதியிலேயே அது சிக்கிக்கொள்ளும். அந்த நீளத்துக்கு அங்கே இடம் வெட்டப்படவில்லை. டபிள்யூ.ஆர்.எஃப். என்று பொறித்ததில் நடப்பது வேறு, அது ஆபத்தானது. அந்தத் தோட்டாவின் கூடு லாங் ரைஃபிளைவிடப் பருமன். லாங் ரைஃபிள் அந்த அறைக்குள் (தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் இடம்) தளர்வாக நுழைந்துவிடும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். வெடிக்கும்போது சுற்றிப் பிடிக்கச் சுவர் இல்லாமல் பித்தளைக் கூடு உப்பிப் பிளக்கும். சூடான வாயு பின்பக்கமாகச் சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். “போட்டுப் பார்த்தேன், சுட்டுச்சே” என்று சொல்பவர் அதுவரை தப்பித்திருக்கிறார், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கம் 1959-இல் வந்த .22 மேக்னம். டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டாவை மேக்னம் துப்பாக்கியில் சுடலாம். இதைக் கேட்டுவிட்டு மேக்னத்தை டபிள்யூ.ஆர்.எஃப். துப்பாக்கியில் போடலாம் என்று தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கூடாது. அறையைக் குடைந்து நீளமாக்கி மேக்னத்தைப் பொருத்தியவர்களும் உண்டு. கறுப்புமருந்துக் காலத்தில் பிறந்த பூட்டமைப்பின் மேல் அந்த அழுத்தத்தை ஏற்றுவது கொடுமை. டபிள்யூ.ஆர்.எஃப். இன்றும் அவ்வப்போது உற்பத்தியாகிறது. கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்வதே வழி. ரெமிங்டன் துப்பாக்கியில் ‘ரெமிங்டன் ஸ்பெஷல்’ என்று பொறித்திருந்தால் அதுவும் இதே தோட்டாதான்.

பொறிப்பு ஒன்று சொல்ல, உள்ளே வேறொன்று இருப்பதும் நடக்கும். நூறு வருஷத்தில் யாரோ ஒருவர் ஷார்ட் அறையை லாங் ரைஃபிளுக்குக் குடைந்திருப்பார், அல்லது தேய்ந்த குழலுக்குள் புது உள்குழல் செருகியிருப்பார். சந்தேகம் இருந்தால் செரோசேஃப் என்ற, குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகக் கலவையை அறைக்குள் ஊற்றி அச்சு எடுத்து அளக்க வேண்டும். தேர்ந்த கன்ஸ்மித்துக்கு (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) இது சிறிய வேலை.

வேகமான தோட்டாவே நல்ல தோட்டா என்று நம்புவது

அதிவேக .22 தோட்டாக்கள் சந்தைக்கு வந்தது 1930-ஐ ஒட்டி. அதற்கு முன் பிறந்த எந்த .22 துப்பாக்கியும் அவற்றை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. இன்று கடையில் முதலில் கண்ணில் படுவது நொடிக்கு 380 மீட்டர் போகும் அதிவேக ரகம். 500 மீட்டர் போகும் ஸ்டிங்கர் போன்றவையும் உண்டு. அறையின் பின்வாயை அடைக்கும் பூட்டும் கட்டை தேய்ந்து, உலோகம் களைத்துப்போன பழைய துப்பாக்கியில் இவை ஒவ்வொரு சூட்டுக்கும் கட்டைக்கும் தோட்டாவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும். அந்த இடைவெளி கூடக்கூட ரிம்ஃபயர் (விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் வகை; .22 இந்த வகைதான்) கூட்டின் விளிம்பு பிளக்கும் வாய்ப்பும் கூடும்.

நொடிக்கு 330 மீட்டருக்கு உட்பட்ட சாதாரண வேகத் தோட்டாவை வாங்குங்கள். அதைவிட மெதுவான, ஓசை குறைந்த ரகங்கள் இன்னும் நல்லது. தானியங்கித் துப்பாக்கியில் இவை அடுத்த தோட்டாவை ஏற்றத் திணறும். பம்ப் ரைஃபிளில் அந்தக் கவலை கிடையாது. வேலையைச் செய்வது உங்கள் கை. தகரக் குவளையும் காகித இலக்கும் சுடுவதற்கு இந்த வேகம் தாராளம்.

ஷார்ட் சுடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. லாங் ரைஃபிள் அறையில் ஷார்ட்டை ஆயிரக்கணக்கில் சுட்டால் அதன் கூடு முடியும் இடத்துக்கு முன்னால் ஈயமும் கரியும் வளையமாகப் படியும். அப்புறம் லாங் ரைஃபிளைப் போட்டால் கூடு வெளியே வர மறுக்கும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த அழுக்கைப் பார்த்துத்தான். முதலில் அறையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

குழலின் உள்ளே பார்க்காமல் பணம் கொடுப்பது

வெளியே பளபளப்பு, உள்ளே சொறி. இந்த ரகத்தில் இதுதான் வழக்கமே. 1920-களின் பிற்பகுதி வரை வந்த தோட்டாக்களின் பிரைமரில் (தீமூட்டும் மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது உப்பாகக் குழலில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் துருவைத் தொடங்கும். அன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவி எண்ணெய் போட்ட வீடுகள் குறைவு. பண்ணைப் பையன் அணில் சுட்டுவிட்டு மூலையில் சாய்த்து வைத்ததன் தடம் இன்றும் குழலில் இருக்கிறது.

கேலரியில் உழைத்த துப்பாக்கிகளின் நோய் இன்னொன்று. நாள் முழுக்கச் சுட்டு, குழல்வாய்ப் பக்கமிருந்து கம்பி விட்டுத் துடைத்துத் துடைத்து, வாயோரத்தில் தோட்டாவைச் சுழலவைக்கும் ரைஃப்ளிங் வரிகளே அழிந்திருக்கும். தோட்டா குழலை விட்டுப் போகும் கடைசி இடம் அது. அங்கே தேய்ந்தால் குறி தப்பும். நீங்கள் சுத்தம் செய்யும்போது இழுவைக் கயிற்றைப் பயன்படுத்துங்கள். கம்பிதான் என்றால் வாயில் வழிகாட்டி வளையம் வைக்காமல் விடாதீர்கள்.

லேசான சொறி இருந்தால் பயப்பட வேண்டாம். ஈயத் தோட்டா அதைப் பொறுத்துக்கொள்ளும், சுத்தம் செய்வதுதான் கொஞ்சம் சிரமம். வாங்கும்போது இவற்றையும் பாருங்கள்: தோட்டாக் குழாயில் நசுங்கல் உண்டா (இருந்தால் தோட்டா இறங்காது), அரைநிலையில் நிறுத்திய சுத்தியலை விசை இழுத்து விழவைக்க முடிகிறதா (விழுந்தால் அந்தத் துப்பாக்கி ஆபத்தானது), அறையின் விளிம்பில் ஊசி குத்திய தழும்பு உண்டா. கழற்றி இரண்டாக்கும் பிற்கால 1890 மாடல்களில் இரண்டு பாதியிலும் வரிசை எண் இருக்கும். அவை ஒத்துப்போகாவிட்டால் உங்கள் கையில் இருப்பது இரண்டு துப்பாக்கிகளின் பாதிகள்.

காலித் துப்பாக்கியின் விசையை இழுத்து விளையாடுவது

நடு அடித் தோட்டா (கூட்டின் அடியில் நடுவே ஊசி அடிக்கும்) வகையில் ஊசி வெற்றிடத்தில் குத்தும். ரிம்ஃபயரில் அறையின் இரும்பு விளிம்பையே குத்தும். ஏலக்கூடத்தில் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் சுவரைக் குறிவைத்துச் சொடுக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். அப்படிச் சொடுக்கச் சொடுக்க அங்கே உலோகம் பிதுங்கி, தோட்டா உள்ளே போகவும் கூடு வெளியே வரவும் மறுக்கும், ஊசியும் உடையும். ரெமிங்டன் 12-க்கும் பழைய மார்லின்களுக்கும் நல்ல பாகங்கள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

குழாயை உருவினால் காலியாகிவிட்டது என்று எண்ணுவது

குழாய்த் தோட்டா அமைப்பில் உயிர் போகும் தவறு இது. உள்குழாயை உருவித் தோட்டாக்களைக் கொட்டிய பிறகும் அறைக்குள் ஒன்றும், தூக்குப் பலகையில் இன்னொன்றும் இருக்கலாம். பாதுகாப்பான திசையில் நீட்டி, முன்பிடியைப் பலமுறை முழுவீச்சில் இழுத்துத் தள்ளி, பிறகு திறந்து வைத்து அறையைக் கண்ணால் பாருங்கள். சுண்டுவிரல் நுழைந்தால் தடவியும் பாருங்கள்.

வின்செஸ்டர் 1890, 1906 போன்ற சுத்தியல் வெளியே உள்ள வகைகளில் தனிப் பாதுகாப்புப் பூட்டு இல்லை. அரைநிலை ஒன்றுதான் காவல். விசையை அழுத்தியபடியே பம்ப் செய்தால் கட்டை மூடும் கணத்தில் வெடிக்கும் பழைய வகைகளும் உண்டு. முன்பிடியை அசைக்கும்போது விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஒரு சூடுகூட வேண்டாம். சின்னத் தோட்டா என்ற அலட்சியமும் வேண்டாம்; .22 ஒன்றரை மைல் வரை போகும் என்று பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடிப்பார்கள். ஈயம் கையில் ஒட்டும், சுட்டபின் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

புதுசாக்கிக் காட்ட ஆசைப்படுவது

நெடுநாள் கை பட்டுப் பட்டு வந்த பழுப்பு நிறத்தை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டுகிறார்கள். பட்டைச் சக்கரத்தில் மெருகேற்றினால் எண்கோணக் குழலின் கூரான விளிம்புகள் மழுங்கும், திருகுத் துளைகளைச் சுற்றிக் குழி விழும், பொறித்த எழுத்து மறையும். பிறகு எவ்வளவு அழகாகப் புளூயிங் (நீலமேற்றல்) செய்தாலும் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், விலை சரிந்துவிடும். முற்கால 1890 மாடல்களின் உடற்பகுதி கேஸ்-ஹார்டனிங் (சூடேற்றி மேற்பரப்பை இறுக்குதல்) செய்த வண்ணத்தோடு வந்தது, 1901 வாக்கில்தான் நீலத்துக்கு மாறினார்கள். அந்த வண்ணத்தின் மங்கிய மிச்சத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு நீலம் பூசியவற்றைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

செய்யக்கூடியது குறைவு, அது போதும். எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மிக நுண்ணிய வெண்கலக் கம்பளியால் செந்துருவை மட்டும் மெதுவாக எடுங்கள். திருகின் பிளவுக்கு இம்மி பிசகாமல் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால் திருகைத் தொடாதீர்கள். கழற்றும் திருகு இறுகியிருந்தால் பிளேயரைப் போட்டுத் திருகாமல், ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். தளர்ந்த சுருள்வில்லை மாற்றினால் பழையதைப் பெயர் எழுதிய உறையில் போட்டுத் துப்பாக்கியோடு வையுங்கள். கோல்ட் லைட்னிங்கின் உள்பாகங்களைப் பிரிப்பதை அனுபவசாலிகளிடம் விட்டுவிடுவது நல்லது.

சட்டத்தை ஊகித்துக்கொள்வது

பழசு என்றால் உரிமம் வேண்டாம் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டதுதான் ‘ஆன்டிக்’. ஒரே 1890 மாடலில் 1897-இல் செய்தது அந்த வகையில் வரும், 1910-இல் செய்தது வராது. ஐம்பது வயதைத் தாண்டியவற்றுக்கு ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ என்ற தனிப்பிரிவு உண்டு, அதற்கென்று சேகரிப்பாளர் உரிமமும் உண்டு. மாநிலச் சட்டங்கள் அதற்கு மேல் தனியாக இருக்கும். எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வின்செஸ்டரின் தொழிற்சாலைப் பதிவேடுகளில் எஞ்சியவை வயோமிங் மாநிலம் கோடி நகரிலுள்ள பஃபலோ பில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எல்லா வரிசை எண்களுக்கும் பதிவு இல்லை. இருக்கும் எண்களுக்குக் கட்டணம் செலுத்தினால் கடிதமாகவே தருவார்கள்.

இந்தியாவில் கதை வேறு. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும். சுடக்கூடிய .22 எவ்வளவு பழையதானாலும் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண உரிமதாரர் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வெளிநாட்டில் வாங்கியதைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணமே வேண்டாம்.