போர்ஷே 928 வாங்கும் முன்: வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டியவை

விளம்பரத்தில் ‘நன்றாகப் பராமரித்த வண்டி’ என்று இருக்கும். படத்தில் பெயின்ட் பளபளக்கும், தோல் இருக்கையில் ஒரு வெடிப்பு இருக்காது, ஓடிய தூரமும் குறைவாகவே காட்டும். போர்ஷே 928 என்றால் இந்த மூன்றை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். இந்த வண்டியைக் கொல்லும் கோளாறுகள் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. பதினைந்து வருடம் ஷெட்டில் மூடி நின்ற 40,000 கி.மீ. வண்டியைவிட, ஒவ்வொரு பில்லும் கோப்பில் இருக்கிற 2,00,000 கி.மீ. வண்டியைத்தான் நாங்கள் எடுக்கச் சொல்வோம். நிற்கிற வண்டியிலும் ரப்பர் காயும், கூலன்ட் புளித்து அலுமினியத்தை அரிக்கும், சீல்கள் சுருங்கும்.

928, 1977 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. 1978-இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் விருது பெற்றது. 1995 வரை 61,000-க்குச் சற்று மேல் தயாராயின. முன்னால் அலுமினிய வி8 என்ஜின், பின்னால் கியர்பாக்ஸ், இரண்டையும் இணைக்கும் நீண்ட டார்க் டியூப். எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பிரிவதால் நாள் முழுக்க வேகமாக ஓட்டினாலும் உடம்பு நோகாது. தொடக்கத்தில் 4.5 லிட்டர், 240 குதிரைத்திறன். பிறகு 4.7 லிட்டர் எஸ். 1987 மாடலில் இருந்து 5 லிட்டர், 32 வால்வு எஸ்4, 320 குதிரைத்திறன். கடைசியாக 5.4 லிட்டர் ஜிடிஎஸ், 350 குதிரைத்திறன். ஜிடிஎஸ் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதில் ஆயில் குடிக்கும் என்ஜின்களும் உண்டு. முதல்முறை வாங்குகிறவருக்கு எஸ்4 போதும். இந்தக் குறிப்பில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

கிளம்புவதற்கு முன் தொலைபேசியிலேயே நான்கு விஷயம் கேளுங்கள்: சேசிஸ் எண், என்ஜின் எண், டைமிங் பெல்ட் மாற்றிய தேதி, கூலன்ட் மாற்றிய தேதி. 17 இலக்க சேசிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும். எச் என்றால் 1987, ஜே 1988, கே 1989, எல் 1990. எஸ்4-இல் என்ஜின் எண் எம்28.41 என்றால் மேனுவல் வண்டியின் என்ஜின், எம்28.42 என்றால் ஆட்டோமேட்டிக் வண்டியுடையது. எண் பொருந்தாவிட்டால் என்ஜின் மாற்றப்பட்டிருக்கலாம். ஏன் மாற்றினார்கள் என்பதற்குப் பில் இருக்க வேண்டும். நீங்கள் போய்ச் சேரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சூடான என்ஜின் பல நோய்களை மறைக்கும்.

வெளிப்புறத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கதவுகள், பானெட், முன் மட்கார்டுகள் அலுமினியம். மற்றவை துத்தநாகம் பூசிய இரும்பு. துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தைப் பின் மட்கார்டிலும் கூரையிலும் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் புட்டி இருக்கிறது. கதவில் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம், அது ஒட்டவே ஒட்டாது. துரு பெரும்பாலும் பின்பெட்டிக்கு அடியில், பேட்டரி உட்காரும் இடத்தில்தான் தொடங்கும். பின் கண்ணாடிக் கதவின் ரப்பர் கசிந்து தண்ணீர் அங்கே தேங்கும். கம்பளத்தைத் தூக்கி, ஸ்பேர் டயரை எடுத்துவிட்டுக் கையால் தடவிப் பாருங்கள். டயரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மேல் பள்ளங்கள் நன்றாக இருந்தாலும் பத்து வருட டயரில் 200 கி.மீ. வேகம் தொடக் கூடாது. எஸ்4-க்கு முன்னால் 225/50, பின்னால் 245/45, இரண்டும் 16 அங்குலம்.

உள்ளே டேஷ்போர்டு வெடித்திருக்கும். எல்லா வண்டியிலும் அப்படித்தான், அதற்காக வண்டியை விட வேண்டாம். 1970-களின் பாஷா கட்டத் துணி இருக்கை இருந்தால் கிழிந்திருந்தாலும் மாற்றாதீர்கள். அதற்காகவே தேடி வருகிறவர்கள் உண்டு.

கிராங்க் ஆட்டம்

ஆட்டோமேட்டிக் 928 என்றால் மற்ற எதற்கும் முன் இதைப் பாருங்கள். கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் என்ஜினின் முக்கிய அச்சு. என்ஜினின் பின்முனையில் ஃபிளெக்ஸ் பிளேட் என்ற மெல்லிய இரும்புத் தட்டு இருக்கிறது. டார்க் டியூபுக்குள் ஓடும் ஷாஃப்டை அதோடு பிடித்திருப்பது ஒரே ஒரு கிளாம்ப் போல்ட். ஓடும்போது ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக கிளாம்புக்குள் நகரும். நகர்ந்த இடத்திலேயே நின்றுவிடும். தட்டு முன்பக்கம் வளைந்து, கிராங்க்‌ஷாஃப்டை இடைவிடாமல் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்குவது த்ரஸ்ட் பேரிங். அது தேய்ந்து தீர்ந்தால் கிராங்க் நேராக அலுமினிய பிளாக்கையே அரைக்கும். அதற்குப் பிறகு அந்த பிளாக் பழைய இரும்புக் கடைக்குத்தான். மேனுவல் வண்டியில் இது அரிது.

சோதிக்கும் முறை இது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, இக்னிஷனை அணைத்து, என்ஜினின் பின்முனையை மூடும் கூடான பெல் ஹவுசிங்கின் கீழ் மூடியைக் கழற்றுங்கள். அங்கே பல் சக்கரம் தெரியும். நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜை நிறுத்தக் காந்த அடியைக் கொண்டுபோனால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் ஹவுசிங் அலுமினியம். மூடி போல்ட் துளையில் பிடிக்கும் கிளாம்ப் வேண்டும். பெரிய ஸ்க்ரூ டிரைவரால் சக்கரத்தை மெதுவாகப் பின்னால் நெம்பி, கேஜைப் பூஜ்யத்தில் வைத்து, பிறகு முன்னால் நெம்பி அளவைப் படியுங்கள். புதிய என்ஜினின் அளவு ஏறக்குறைய 0.11 முதல் 0.31 மி.மீ. தேய்மான எல்லை 0.40 மி.மீ. அதைத் தாண்டினால் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம், உதிரிப் பாகத்துக்காக வாங்கினால் ஒழிய.

அளவு சரியாக இருந்தாலும் விற்பவரிடம் அனுமதி கேட்டு அந்த ஒரே போல்டைத் தளர்த்திப் பாருங்கள். தட்டு ‘டக்’கென்று பின்னால் துள்ளினால் அழுத்தம் சேர்ந்திருந்தது என்று பொருள். பேரிங் இன்னும் பிழைத்திருக்கிறது, ஆனால் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். புதிய போல்ட் போட்டு, பட்டறைக் கையேடு சொல்லும் முறுக்கில் இறுக்கி, பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் பாருங்கள். அனுமதி தராதவரிடம் ஆட்டோமேட்டிக் வாங்காதீர்கள்.

டைமிங் பெல்ட்

எஸ்4-இல் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளப் பெல்ட் ஒன்று கிராங்க், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுகளில் ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல்மூடி) ஒன்றாக இரண்டு, ஆயில் பம்ப், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் சுற்றி ஓடுகிறது. தொடக்ககால 4.5 லிட்டரில் பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். 32 வால்வு என்ஜினில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். 4.7 லிட்டரையும் மோதும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 96,000 கி.மீ. என்பது பழைய கணக்கு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் அனுபவமுள்ளவர்களின் வழக்கம்.

பில்லில் ‘பெல்ட் மாற்றப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் போதாது. தண்ணீர் பம்ப், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், உருளைகள் எல்லாம் கூடவே மாற்றப்பட்டனவா? பம்ப் இறுகினால் புதுப் பெல்ட்டையும் அறுத்துவிடும். கேம் பல்சக்கரங்கள் அலுமினியம். மேலே கறுப்புப் பூச்சு இருக்கும். பூச்சு தேய்ந்து வெள்ளை தெரிந்தால் அது அரம்போல் பெல்ட்டைத் தின்னும். புதுப் பெல்ட் முதல் 2,000 கி.மீ.-க்குள் நீளும், அப்போது மறுபடி இழுவிசை சரிபார்க்க வேண்டும். அதற்கும் ஒரு பில் இருந்தால் அந்த உரிமையாளர் விஷயம் தெரிந்தவர். 32 வால்வில் இன்னொன்று: ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு கேம்ஷாஃப்டை இணைக்கும் சின்னச் சங்கிலி உண்டு. அதன் டென்ஷனரில் உள்ள பிளாஸ்டிக் பட்டைகள் வயதாகி உடையும். மாற்றியதற்குச் சான்று இல்லையென்றால் வால்வ் கவரைத் திறக்கும் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள்.

தண்ணீர், பெட்ரோல், மின்சாரம்

என்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் மூடியைத் திறங்கள். பழுப்பு நிறச் சேறு தெரிந்தால் ஹெட் உள்ளே அரிக்கப்பட்டிருக்கலாம். இந்த பிளாக்கில் சிலிண்டருக்குள் இரும்பு லைனர் (உள்ளுறை) கிடையாது, சிலிக்கான் கலந்த அலுமினியத்திலேயே பிஸ்டன் ஓடுகிறது. அதனால் கூலன்டைப் பொறுத்தவரை 928 மன்னிக்காது. முழு அளவு 16 லிட்டர்; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். என்ஜினுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஹீட்டர் வால்வு ஒன்று இருக்கிறது. மலிவான பொருள்தான், ஆனால் நெடுஞ்சாலையில் உடைந்தால் தண்ணீர் முழுதும் போய்விடும்.

என்ஜின் அறைக்குள் இருக்கும் பெட்ரோல் ரப்பர் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலோ, வெடிப்புக் கோடு தெரிந்தாலோ வண்டியை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். சூடான வி8-க்கு மேல் பெட்ரோல் சொட்டித்தான் பல 928-கள் எரிந்து போயின.

மின்சாரக் கோளாறு என்று விற்பவர் சலித்துக்கொண்டால் உங்களுக்குப் பேரம் பேச வழி இருக்கிறது. பெரும்பாலான கோளாறுகள் எர்த் பட்டைகளிலும் இணைப்பான்களிலும்தான். பின்னால் பேட்டரியின் நெகட்டிவ் பட்டை, என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை, என்ஜின் அறையில் உள்ள 14 முனை இணைப்பான் ஆகிய மூன்றையும் கழற்றித் தேய்த்தாலே பல ‘மர்மங்கள்’ தீரும். ஃபியூஸ், ரிலே பலகை பயணி கால் வைக்கும் மரப்பலகைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே பச்சைக் களிம்பு தெரிந்தால் முன்கண்ணாடிப் பக்கமிருந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது. அது சின்ன வேலை இல்லை.

ஓட்டிப் பார்த்தல்

முதல் ஸ்டார்ட்டில் ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலப் புகை சில நொடிகளில் அடங்கினால் வால்வ் சீல், அடங்காவிட்டால் பிஸ்டன் ரிங். குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெப்ப முள் நெரிசலில் ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன்களைச் சந்தேகியுங்கள். சூடானபின் 4,000 சுழற்சியில் ஆயில் அழுத்தம் 5 பார் தொட வேண்டும். திடீரென்று பாதி சக்தி போய்விட்டால், இரண்டு இக்னிஷன் சுற்றுகளில் ஒன்று செத்து, புகையைச் சுத்திகரிக்கும் காட்டலிஸ்டைக் காப்பாற்ற அந்தச் சுற்றின் நான்கு சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் நிறுத்தப்பட்டிருக்கலாம். பின்னாளைய எஸ்4-களில் இந்த ஏற்பாடு உண்டு. ஐடிலில் தரை அதிர்ந்தால் எண்ணெய் நிரப்பிய என்ஜின் மவுன்ட்கள் தளர்ந்து உட்கார்ந்துவிட்டன. அடியில் பார்த்தால் ஆயில் சம்ப் குறுக்குச் சட்டத்தை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டிருக்கும். அமைதியான சாலையில் உறுமல்போல் கேட்டால் டார்க் டியூப் பேரிங். மேனுவலில் முதல் கியர் இடப்பக்கம் பின்னால் இருக்கும், பழகக் கொஞ்சம் நேரமாகும். இரண்டாம் கியர் உரசினால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது.

விலை பேசும்போது, பில்லால் நிரூபிக்க முடியாததை எல்லாம் செய்யாததாகவே கழியுங்கள்: பெல்ட்டும் பம்பும், பெட்ரோல் குழாய்கள், மவுன்ட்கள், டயர்கள். இந்த நான்கும் புதிதாக இருக்கும் வண்டிக்கு விற்பவர் அதிகம் கேட்டால், நியாயமாகத்தான் கேட்கிறார், கொடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஆயிலை மாற்றுங்கள், 7.5 லிட்டர் பிடிக்கும். வீல் அலைன்மென்டுக்கு அவசரப்படாதீர்கள். 928-ஐ ஜாக்கில் தூக்கி இறக்கினால் முன்பக்கம் பல கிலோமீட்டர் ஓடும்வரை உயர்ந்தே நிற்கும். அந்த நிலையில் அலைன்மென்ட் செய்தால் டயரின் உள்விளிம்பு சில மாதத்தில் தீர்ந்துவிடும். ஓட்டிக்கொண்டே பட்டறைக்குப் போய், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்காமல் அளக்கும் இடத்தில் செய்யுங்கள்.