எச்.ஐ.வி உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு: எட்டு மணி மாத்திரையும் சொல்ல வேண்டிய உண்மையும்

என் அக்காவின் மகனை அவனுடைய நான்காவது வயதிலிருந்து நான் வளர்த்து வருகிறேன். எச்.ஐ.வி உள்ள பிள்ளைக்கு என்று தனிச் சமையலோ தனித் தட்டோ தேவையில்லை. வீட்டுச் சோறும் முட்டையும் பருப்பும் கீரையும் போதும். மற்ற வீடுகளிலிருந்து இந்த வீடு வேறுபடுவது இரண்டே விஷயங்களில்: ஒரு நாளும் தவறக்கூடாத மாத்திரை, ஒரு நாள் சொல்லியே ஆக வேண்டிய உண்மை. இரண்டாவதைத் தள்ளிப்போட்டால் முதலாவது கெடும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எச்.ஐ.வியை அடக்கி வைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு ஏ.ஆர்.டி மையங்களில், அதாவது எச்.ஐ.வி சிகிச்சை மையங்களில், இலவசமாகக் கிடைக்கிறது. அந்த மருந்துகளில் ஒன்றான டோலுடெக்ராவிர், சிறு குழந்தைகளுக்குத் தண்ணீரில் கரையும் 10 மில்லிகிராம் மாத்திரையாக வந்துவிட்டது. கரைத்த அரை மணி நேரத்துக்குள் அதைக் குடிக்க வைத்துவிட வேண்டும், டம்ளரின் அடியில் ஒட்டியிருப்பதையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் கொடுக்க வேண்டும். எத்தனை மாத்திரை என்பதை எடைதான் தீர்மானிக்கிறது. 20 கிலோவைத் தாண்டிய பிள்ளையைப் பெரும்பாலும் பெரியவர்களின் 50 மில்லிகிராம் மாத்திரைக்கு மாற்றுவார்கள். ஆகவே மையத்துக்குப் போய்விட்டு எடை பார்க்காமல் திரும்பாதீர்கள்.

நேரத்தை உங்கள் வீட்டு வழக்கத்தோடு கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது இரவு எட்டு மணி. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இரும்புச் சத்து மாத்திரையும் கால்சிய மாத்திரையும் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், அவற்றைச் சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குப் பிறகோ, சாப்பிடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்போ இதைக் கொடுப்பது நல்லது. பள்ளியில் வாரம் ஒரு முறை மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாலும் இரவு எட்டு மணிக்கு இடையூறு வராது. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் உடனே காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள். பிள்ளைக்கே காசநோய் வந்தால், அதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்தால் டோலுடெக்ராவிரின் அளவையே கூட்ட வேண்டியிருக்கும் என்பதால், இரண்டு மருத்துவர்களுக்கும் இரண்டு மருந்துகளும் தெரிந்திருக்க வேண்டும். எச்.ஐ.வியை அடியோடு குணமாக்குவதாகச் சொல்லி லேகியம் விற்பவர்களுக்கு வாசலோடு விடை கொடுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு மழைக்காலம் தனிக் கவலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அக்டோபரிலிருந்தே, மருந்து தீரும் வரை காத்திராமல், கையிருப்பு பத்து நாளுக்குக் குறையும் முன்பே போய் வாங்கி, டப்பாவை ஈரம் புகாத பையில் பரண்மேல் வையுங்கள்.

இனி உண்மைக்கு வருகிறேன். நான் அவனிடம் 'சத்து மாத்திரை' என்று சொல்லி வந்தேன். அவனுக்கு ஒன்பது வயதானபோது ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்ய பீரோவை நகர்த்தினேன். அடியில் தூசியும் நூலாம்படையும் படிந்த பதினோரு மாத்திரைகள். திட்டத்தான் வாயெடுத்தேன். "சத்து மாத்திரைன்னுதானே சொன்ன? நான்தான் குண்டா இருக்கேனே சித்தி," என்றான். அவன் கணக்கில் தப்பே இல்லை.

உலக சுகாதார நிறுவனமும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, அதாவது ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள், அவர்கள் நிலையைப் படிப்படியாகத் தெரிவிக்கவே பரிந்துரைக்கிறது. ஆறு வயதில், "உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, மாத்திரை அதைத் தூங்க வைக்கிறது, மாத்திரையை விட்டால் அது விழித்துக்கொள்ளும்," என்பது போதும். கிருமியின் பெயரைப் பத்து வயதை ஒட்டி, பள்ளிப் பாடத்திலோ தொலைக்காட்சியிலோ அது வருவதற்கு முன், நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்வதற்குத் தயக்கமாக இருந்தால் மையத்து ஆலோசகரை உடன் வைத்துக்கொள்ளலாம். "அம்மாவுக்கு எப்படி வந்தது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். யார்மீதும் பழி போடாமல், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், அழுதால் அழட்டும். இதை யாரிடம் சொல்லலாம் என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும், ஆனால் வெட்கப்பட வேண்டிய ரகசியம் போலப் பேசாதீர்கள்.

பள்ளிக்குச் சொல்ல வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுப்பது தடைசெய்யப்பட்ட பாகுபாடு. ஒரு வகுப்பாசிரியையை நம்பிச் சொல்லி, அடுத்த வாரமே அது வேன் ஓட்டுநர் வரை போனதைப் பார்த்தவள் என்பதால், தேவை வந்தாலொழிய சொல்லாமலிருப்பதே என் கட்சி. ஒன்றாகச் சாப்பிடுவதாலோ விளையாடுவதாலோ தொற்று பரவாது. யாருக்கு ரத்தம் வந்தாலும் கையுறை போட்டுக் கட்டுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான விதிதான்.

வீட்டுப் பெரியவர்களைச் சமாளிப்பது இதைவிடக் கடினம். அவர்கள் மனத்தில் இருப்பது எச்.ஐ.வி நோயாளிகளைச் சேர்த்த தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை, அதுவும் 2004க்கு முன் இலவச மருந்து வராத காலத்துப் படுக்கைகள். என் மாமியாரிடம் வாதம் செய்வதை விட்டுவிட்டு, வைரஸ் அளவுப் பரிசோதனையின் முடிவை எடுத்துக் காட்டினேன். சிகிச்சை தொடங்கிய ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் எடுக்கும் அந்தப் பரிசோதனையில் ஒரு மில்லிலிட்டருக்கு 1000 வைரஸ் நகல்களுக்குக் கீழே வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அன்றிரவு அவரே அவனுக்கு ஊட்டிவிட்டார்.

பதின்வயதில்தான் மாத்திரை மறுபடி தவறும். அப்போது கண்காணிப்பைக் கூட்டுவதைவிடப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றுங்கள்: செல்போனில் அலாரத்தை அவனே வைக்கட்டும், மருந்து எண்ணிக்கையை அவனே எழுதட்டும். காதல், திருமணம், குழந்தை பற்றிய கேள்விகளை அவன் மருத்துவரிடம் தனியாகக் கேட்க இடம் கொடுங்கள். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியிருக்கும்வரை உடலுறவு வழியே தொற்று பரவாது என்பதை அவன் அவரிடமிருந்தே கேட்டுக்கொள்வது நல்லது. என் பிள்ளைக்கு இப்போது பதினாறு. சிகிச்சைப் புத்தகம் அவன் பையில் இருக்கிறது. அவன் உள்ளே பேசி முடிக்கும்வரை நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.