மைன்கிராஃப்டில் பை மதிப்பைக் கணக்கிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களையும் தொடும்படி அதற்குள் ஒரு வட்டத்தை வரைந்து, சதுரத்தில் எந்த இடத்திலும் சம வாய்ப்போடு விழும் புள்ளிகளை இட்டுக்கொண்டே போனால், வட்டத்துக்குள் விழுந்தவற்றின் பங்கு பை (π) என்ற எண்ணின் நான்கில் ஒரு பாகத்தை, அதாவது ஏறத்தாழ 0.7854 என்ற எண்ணை நெருங்கும். அந்தப் பங்கை நான்கால் பெருக்கினால் பை கிடைத்துவிடும். மான்டே கார்லோ முறையைக் கற்பிப்போர் பெரும்பாலும் இந்த எடுத்துக்காட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கட்டங்களால் ஆன உலகமும், நொடிக்கு இருபது முறை துடிக்கும் கடிகாரமும், கட்டளைகளை எழுதி ஓடவிடும் வசதியும் உள்ள மைன்கிராஃப்டில் இதைச் செய்து பார்க்கும் ஆசை பலருக்கும் வருவதில் வியப்பில்லை. இங்கே சொல்பவை அந்த விளையாட்டின் ஜாவா பதிப்புக்குப் பொருந்துபவை.

விடை 3.25 என்றோ 2.01 என்றோ வந்து நின்றால், உடனே விளையாட்டின் சமவாய்ப்பு எண்கள் மீது பழி போடுவது வழக்கம். என் கணிப்பில், ஐயப்பட வேண்டிய இடங்களில் அது கடைசி இடம். இந்தச் சோதனையில் இருவகைப் பிழைகள் கலந்து வருகின்றன. ஒன்று, புள்ளிகளின் எண்ணிக்கை கூடக் கூடத் தானாகக் குறைவது. மற்றொன்று, கோடிப் புள்ளிகள் இட்டாலும் இம்மியும் குறையாதது. முதல் வகைக்குப் பொறுமை போதும். இரண்டாம் வகையோ, நம் சோதனை பையைத் தவிர வேறு ஏதோ ஓர் எண்ணை மிகத் துல்லியமாக அளந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். விளையாட்டின் உலகம் இந்த இரண்டாம் வகையைத் தாராளமாக விளைவிக்கிறது.

கட்டமும் வட்டமும்

ஒரு சங்க் என்பது 16க்கு 16 கட்டங்கள் கொண்ட நிலப்பகுதி. அதுவே இயல்பான சதுரமாகப் பலருக்கும் தோன்றுகிறது. அதற்குள் 8 கட்ட ஆரமுள்ள வட்டத்தை வேறு நிறக் கம்பளியால் பதித்து, சமவாய்ப்பில் ஒரு கட்டத்தைத் தேர்ந்து, அது எந்த நிறத்தில் இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். கட்டத்தின் நடுப்புள்ளி வட்டத்துக்குள் இருந்தால் அந்தக் கட்டம் உள்ளே என்று கொள்வோம். அப்படி எண்ணினால் 256 கட்டங்களில் 208 கட்டங்கள் உள்ளே வரும். 208ஐ 256ஆல் வகுத்து நான்கால் பெருக்கினால் 3.25. இந்த அமைப்பில் எத்தனை நாள் சோதனையை ஓடவிட்டாலும் விடை 3.25ஐத்தான் நெருங்கும், தேர்வு எவ்வளவு நேர்மையாக நடக்கிறதோ அவ்வளவு உறுதியாக அந்தத் தவறான எண்ணில் போய் நிற்கும்.

முழு வட்டத்துக்குப் பதிலாக, சங்கின் ஒரு மூலையை மையமாக வைத்து 16 கட்ட ஆரமுள்ள கால்வட்டத்தை வரைந்தால் நிலைமை சற்று மேம்படும்: 203 கட்டங்கள் உள்ளே வர, விடை 3.171875 ஆகும். ஆனால் இதே கால்வட்டத்தில், கட்டத்தின் நடுப்புள்ளியை விட்டுவிட்டு 0 முதல் 15 வரையிலான ஆய எண்களை அப்படியே வர்க்கப்படுத்திக் கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. கட்டத்தின் ஆய எண் அதன் ஒரு மூலையைக் குறிக்கிறதே தவிர, நடுவை அன்று. அந்த அரைக் கட்ட விலகலால் 214 கட்டங்கள் உள்ளே என்று பதிவாகி, விடை 3.34375க்குத் தாவிவிடும். ஆய எண்ணோடு 0.5ஐக் கூட்டிக்கொள்வதும், ஆரத்தைச் சில நூறு கட்டங்களாகப் பெருக்குவதும் இதற்கு மருந்து. எதைச் செய்தாலும், சோதனையைத் தொடங்கும் முன் உள்ளே வரும் கட்டங்களை ஒருமுறை முழுமையாக எண்ணிப் பார்த்து, நம் அமைப்பு எந்த எண்ணை நோக்கிப் போகப்போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அப்படி எண்ணிய பிறகு சமவாய்ப்புச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அந்தக் கேள்வியை ஏற்றுக்கொண்டால் பொழுதுபோக்கே இல்லாமல் போய்விடும்.

உயரம், தண்ணீர், ஏற்றப்படாத நிலம்

கட்டளைகளை அறிந்தவர்கள் வேறு வழியில் போகிறார்கள். ஸ்ப்ரெட்பிளேயர்ஸ் என்ற கட்டளை, கொடுத்த மையத்தைச் சுற்றிய சதுரத்துக்குள் உயிரிகளையோ பொருள்களையோ சிதறடிக்கும்; பிறகு, மையத்திலிருந்து இத்தனை தொலைவுக்குள் இருப்பவை எத்தனை என்று, நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை மட்டும் பொறுக்கியெடுக்கும் தேர்விக் குறியால் எண்ணலாம். இரண்டே வரிகளில் முடிந்துவிடும் இந்த வழியில்தான் பொறிகள் அதிகம்.

தேர்விக் குறி அளக்கும் தொலைவு முப்பரிமாணத் தொலைவு. தரையில் வட்டம் வரைந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, விளையாட்டு கோளத்தை வைத்துச் சோதிக்கிறது. ஆரம் 50 கட்டங்கள் என்று கொள்வோம். மையத்தைவிட 30 கட்டம் உயர்ந்த குன்றின் மேல், கிடைமட்டத்தில் 45 கட்டத் தொலைவில் ஒரு புள்ளி விழுந்தால், அதன் முப்பரிமாணத் தொலைவு 54 கட்டங்களைத் தாண்டுகிறது. உள்ளே சேர வேண்டிய புள்ளி வெளியே தள்ளப்படுகிறது. தரை முழுவதும் சமதளமாகவே இருந்தாலும், கட்டளையை எழுதி இயக்கும் கட்டளைப் பெட்டியைப் பார்வைக்கு அழகாக 30 கட்ட உயரக் கோபுரத்தின் மேல் வைத்தால், 50 கட்ட ஆரம் தரையில் 40 கட்ட ஆரமாகச் சுருங்கி, விடை 2.01ஐ நெருங்கும். சமதள உலகத்தைத் தேர்ந்து, அளவிடும் புள்ளியைத் தரை மட்டத்திலேயே வைப்பது எளிய தீர்வு. உயரத்தை விட்டுவிட்டு இரு கிடை ஆயங்களின் வர்க்கங்களை மட்டும் கூட்டிப் பார்ப்பது இன்னும் நல்ல தீர்வு.

அதே கட்டளை பாதுகாப்பான இடத்தில் மட்டுமே இறக்கிவிடும். நீர், எரிகுழம்பு, நெருப்பு ஆகியவற்றின் மேல் விழவேண்டிய புள்ளியை மறுத்து வேறிடம் தேடும். சதுரத்தின் ஒரு மூலையில் குளம் இருந்தால் அந்த மூலைக்குப் புள்ளியே போகாது. மூலைகள் வட்டத்துக்கு வெளியே இருப்பவை என்பதால், பை தன் உண்மை மதிப்பைவிடக் கூடுதலாகத் தெரியும். குளம் நடுவில் இருந்தால் குறைவாகத் தெரியும். மேலும், சிதறும் பொருள்களுக்கு இடையே இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியையும் அக்கட்டளை கேட்கும். அதில் பூச்சியத்தைத் தவிர எதைக் கொடுத்தாலும் புள்ளிகள் ஒன்றையொன்று விலக்கிக்கொள்ளும். பார்ப்பதற்குச் சீராகப் பரவியதுபோல் இருக்கும் அந்த அமைப்பில், ஒரு புள்ளி விழும் இடம் மற்றொன்றின் இடத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. தவிரவும், இறக்கிவிடப்படுபவை கட்டத்தின் நடுவிலேயே நிறுத்தப்படுவதால், முன் பகுதியில் சொன்ன 208 கட்டக் கதை இங்கும் தொடர்கிறது.

எல்லாவற்றையும்விட நுட்பமான பிழை, சதுரத்தை மிகப் பெரிதாக்குவதால் வருகிறது. ஆட்டக்காரருக்குத் தொலைவில் உள்ள சங்குகள் நினைவகத்தில் ஏற்றப்படாமல் இருக்கும். அங்கே போய் விழுந்தவற்றைத் தேர்விக் குறி காண்பதில்லை. நடுவில் நின்றுகொண்டிருப்பவருக்குச் சதுரத்தின் நான்கு மூலைகளே மிகத் தொலைவு என்பதால் முதலில் காணாமல் போவது மூலைப் புள்ளிகள், அதாவது வட்டத்துக்கு வெளியே விழுந்தவை. மொத்த எண்ணிக்கையையும் தேர்விக் குறியாலேயே எடுத்தால், எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்திப்போவதால் ஐயமே எழாது. விடை மட்டும் கூடுதலாக வந்துகொண்டிருக்கும். எத்தனை முறை சிதறடித்தோம் என்பதைத் தனியாக ஓர் எண்ணியில் ஏற்றிக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டால் இது உடனே வெளிப்பட்டுவிடும்.

தானாக நடப்பவை எல்லாம் சமவாய்ப்பு ஆகா

கட்டளை எழுதாமல், விளையாட்டில் இயல்பாக நடப்பவற்றைக் கொண்டே பையைக் காண வேண்டும் என்று விரும்புவோர் உண்டு. அந்த விருப்பம் எனக்கும் பிடித்தமானது, ஆனால் விதிகளைப் படிக்காமல் இறங்கக் கூடாது. உள்ளே இட்டவற்றை ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் டிராப்பர் பெட்டியிலிருந்து வெளியேறும் பொருள்கள் நடுவில் குவிந்து ஓரங்களில் அருகிவிடும். அது சீரான பரவல் அன்று. இரவில் தோன்றும் அரக்கர்கள் கூட்டமாகத் தோன்றுவார்கள், ஆட்டக்காரரிடமிருந்து 24 கட்டங்களுக்குள் தோன்ற மாட்டார்கள், தோன்றிய பின் நடந்தும் போவார்கள். எனவே நான்கு சோம்பிகளை (நடமாடும் பிணங்களை) நான்கு தனிப் புள்ளிகளாக எண்ணுவது தவறு.

கோதுமை வயல் இன்னும் ஏமாற்றக்கூடியது. ஒவ்வொரு துடிப்பிலும், 16 கட்டக் கனசதுரப் பகுதியின் 4096 கட்டங்களிலிருந்து மூன்று கட்டங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஒரு கட்டத்தின் முறை சராசரியாக 68 நொடிக்கு ஒருமுறை வரும். தேர்வு சீரானதுதான். ஆனால் தேர்வான பயிர் வளருமா என்பது, அதைச் சுற்றியுள்ள உழுத நிலத்தையும் அதன் ஈரத்தையும் பொறுத்தது. ஓரத்திலும் மூலையிலும் இருக்கும் பயிருக்கு அண்டை நிலம் குறைவு. அது மெதுவாகவே வளரும். மூலைகள் வட்டத்துக்கு வெளியே இருப்பதால் பை மீண்டும் உயர்ந்துவிடும். வயலைச் சதுரத்துக்கு வெளியேயும் நீட்டி, ஓரத்தை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவது இதைச் சரிசெய்யும். ஒரே கட்டம் இரண்டாம் முறை தேர்வானால் அதையும் எண்ண வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். வளர்ந்தவை எத்தனை என்று மட்டும் பார்த்தால், எல்லாம் வளர்ந்து முடிந்தபின் நமக்குக் கிடைப்பது வட்டத்துக்குள் இருக்கும் கட்டங்களின் எண்ணிக்கை மட்டுமே.

பெருக்கலும் வகுத்தலும்

எண்ணிக்கைகளைச் சேர்த்து வைக்கும் விளையாட்டின் எண்ணியான ஸ்கோர்போர்டு முழு எண்களை மட்டுமே அறியும். நான்கால் பெருக்கி மொத்தத்தால் வகுத்தால் தசமப் பகுதி துண்டிக்கப்பட்டு, பெரும்பாலும் 3 என்ற விடைதான் வரும். ஆகவே முதலில் 40,000ஆல் பெருக்கிவிட்டு வகுக்கிறார்கள். அப்போது 31,416 போன்ற எண் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணியின் உச்ச வரம்பு 2,147,483,647. வட்டத்துக்குள் விழுந்த புள்ளிகள் 53,687ஐத் தாண்டியதும் பெருக்குத்தொகை வரம்பை மீறி எதிர்மறை எண்ணாகிவிடும். ஏறத்தாழ 68,000 புள்ளிகள் வரை ஒழுங்காக ஓடிய சோதனை திடீரென்று எதிர்மறைப் பையைக் காட்டினால், காரணம் இதுதான். 2023இல் 1.20.2 பதிப்போடு வந்த, சமவாய்ப்பு எண்ணைத் தரும் ரேண்டம் கட்டளையைப் பயன்படுத்துவோர், அதன் இரு எல்லைகளும் தேர்வில் அடங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்: 0 முதல் 10000 வரை என்று கொடுத்தால் வாய்ப்புள்ள எண்கள் 10,001.

எப்போது நிறுத்துவது, எத்தனை இலக்கம் சொல்வது

இதுவரை சொன்ன தவறுகளில் எதையும் செய்யாமல் நேர்மையாக நடத்திய சோதனையிலும் சிதறல் இருக்கும். அதன் திட்டப்பிழை, அதாவது விடை வழக்கமாக விலகும் அளவு, 1.64ஐப் புள்ளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது. 100 புள்ளிகளுக்கு 0.16, 10,000 புள்ளிகளுக்கு 0.016, பத்து லட்சத்துக்கு 0.0016. துடிப்புக்கு ஒரு புள்ளி என்றால் 10,000 புள்ளிகள் 8 நிமிடம் 20 நொடியில் முடியும். பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். ஓர் இலக்கம் கூடுதலாக வேண்டுமானால் நூறு மடங்கு உழைப்பு. எனவே 10,000 புள்ளிகளில் 3.1412 கிடைத்தது என்று நான்கு இலக்கங்களை எழுதிப் பெருமைப்படுவதில் பொருளில்லை. அடுத்த முறை 3.16 வந்தாலும் அது இயல்பே. சரியாக 100 புள்ளிகள் இட்டு 3.14 கண்டேன் என்று சொல்பவர் எங்கோ தவறியிருக்கிறார்: 100 புள்ளிகளில் விடை 0.04இன் மடங்காகத்தான் வரும், 3.12 வரலாம், 3.16 வரலாம், 3.14 வர வழியே இல்லை.

திரையில் 3.14159 தோன்றும் கணத்தில் நிறுத்திவிடுவது எல்லாவற்றிலும் பழைய தவறு. கோடுகள் இட்ட தளத்தில் ஊசி எறிந்து பையைக் காணும் பஃபோனின் சோதனையை 1901இல் நடத்தியதாக லாசரீனி என்ற இத்தாலியர் அறிவித்தார். 3408 எறிதல்களில் 1808 முறை ஊசி கோட்டை வெட்டியதாம். விடை 355/113, ஆறு தசம இலக்கங்கள் வரை சரி. ஊசியின் நீளத்துக்கும் கோடுகளின் இடைவெளிக்கும் அவர் கொண்ட விகிதம் 5க்கு 6. அந்த விகிதத்தில், எறிதல்களின் எண்ணிக்கை 213இன் மடங்காக இருந்தால் மட்டுமே 355/113 கிடைக்கும். 3408 என்பது 213இன் 16 மடங்கு. விடையை முன்பே அறிந்தவர், அது வரும்வரை எறிந்து, வந்ததும் நிறுத்தினால் இப்படித்தான் இருக்கும். எத்தனை புள்ளிகள் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட்டால் இந்தச் சபலத்துக்கு இடமில்லை.

கடைசியாகச் சமவாய்ப்பு எண்கள். பயிர்களுக்குக் கட்டம் தேரும் பகுதியில், முந்தைய எண்ணை 3ஆல் பெருக்கி 1013904223ஐக் கூட்டும் எளிய சூத்திரம் ஓடுகிறது. அதன் ஒரு கிடை ஆயம் 32 அழைப்புகளுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்ப வருகிறது. ஆனால் அந்தச் சுற்றில் 16 மதிப்புகளும் தலா இருமுறை வந்துவிடுகின்றன. அதாவது பரவல் கெடுவதில்லை, சார்பின்மைதான் குறைகிறது. மேலே சொன்ன திட்டப்பிழையை இந்த வழிக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதே இதன் விளைவு.

ஐயம் எங்கே என்று பிரித்தறிய, வட்டத்தை எடுத்துவிட்டுச் சதுரத்தின் மேற்குப் பாதியில் விழும் புள்ளிகளை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். பிறகு வடக்குப் பாதியில். 10,000 புள்ளிகளுக்கு இரண்டிலும் 4,900க்கும் 5,100க்கும் இடையே வர வேண்டும். அடுத்து, பக்கம் பாதியளவாகச் சுருக்கிய ஒரு சதுரத்தை நடுவில் வைத்து எண்ணினால் 2,500ஐ ஒட்டி வர வேண்டும். இவை தவறினால் புள்ளிகள் விழும் விதத்தில் குறை. இவை சரியாக வந்தும் பை பிசகினால், வட்டத்துக்குள் இருக்கிறதா என்று சோதிக்கும் வரியைத் திறந்து பார்க்க வேண்டும்.