சின்ன டோர்ச்சுக்கு லித்தியம் பற்றரி தெரிவு செய்வது எப்படி?

மட்டக்களப்புப் படுவான்கரை வயல் வட்டைகளில் யானைக் காவலுக்குப் போகிறவருக்கும், இரவில் வாவியில் வலை போடுகிறவருக்கும் சட்டைப்பையில் அடங்கும் டோர்ச் நல்ல துணை. ஆனால் பிழையான பற்றரி போட்டால் டோர்ச் கருகிவிடலாம். பற்றரி தீப்பற்றவும் கூடும். கடைக்குப் போக முதல் இவற்றைப் பாருங்கள்.

முதல் படி, அளவு. டோர்ச்சின் உடம்பிலோ பெட்டியிலோ 14500, 16340, 18650 என்று ஓர் எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு நீளம், எல்லாம் மில்லிமீற்றரில். கடைசிப் பூச்சியம் உருளை வடிவத்தைக் குறிக்கும். ஆகவே 18650 என்றால் 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம்.

இரண்டாவது படி வோல்ட். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சுவர்க் கடிகாரத்தில் போடும் ஏஏ பற்றரியும் 14500உம் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் ஏஏ 1.5 வோல்ட், 14500 சுமார் 3.7 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. ஏஏக்கு மட்டும் செய்த டோர்ச்சில் 14500ஐப் போட்டால் உள்ளே இருக்கும் சர்க்கியூட் எரிந்துபோகலாம். இரண்டையும் ஏற்கும் டோர்ச்சும் உண்டு. அப்படி எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். 16340 அளவிலேயே சிஆர்123ஏ என்ற 3 வோல்ட் பற்றரியும் விற்கிறார்கள். அது ஒரு தடவை பாவித்து எறிவது. அதை ஒருபோதும் சார்ஜரில் போடக்கூடாது.

சரி, எது வாங்கலாம்? நல்ல 14500இல் 800 எம்ஏஎச் (மில்லி அம்பியர் மணி, பற்றரி எவ்வளவு மின் பிடிக்கும் என்ற கணக்கு) அளவு கொள்ளளவு இருக்கும். நல்ல 18650இல் 3000க்கு மேல். விடியும்வரை காவல் என்றால் 18650 டோர்ச்தான் என் தெரிவு. ஒழுங்கையில் நடக்க, கரண்ட் போன நேரம் வீட்டில் பாவிக்க 14500 போதும்.

கொள்ளளவு விடயத்தில் லேபிளை நம்பாதீர்கள். 18650இல் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல கம்பனிகளின் பற்றரியே பெரும்பாலும் 3500, 3600 அளவில்தான் நிற்கிறது. சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். உண்மையான 18650 45 கிராமுக்குக் கிட்ட இருக்கும். 30 கிராம்தான் காட்டினால் வாங்கவே வேண்டாம்.

அடுத்து, பாதுகாப்புச் சர்க்கியூட் உள்ள பற்றரியைக் கேளுங்கள். அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறினாலோ ஷார்ட் ஆனாலோ அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இவை சில மில்லிமீற்றர் நீளம் கூட, அதனால் டோர்ச்சையும் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

சார்ஜரும் லித்தியம் அயன் பற்றரிக்கென்றே, அதாவது திரும்பச் சார்ஜ் செய்யும் இந்த வகைக்கென்றே செய்ததாக, 4.2 வோல்ட்டில் நிறுத்துவதாக இருக்கவேண்டும். மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போடவேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கையில் விடவும் வேண்டாம். வீங்கியது, மேலுறை கிழிந்தது, மழையில் ஊறியது எதையும் திரும்பச் சார்ஜரில் போடாதீர்கள்.

மேலதிகப் பற்றரி கொண்டுபோவதென்றால் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். திறப்போடும் சில்லறையோடும் ஒரே பையில் கிடந்தால் இரண்டு முனையும் தொட்டு, சட்டைப்பைக்குள்ளேயே சுட்டுவிடும்.